பாத்துக்கலாம் பட்டன்

அக்டோபர் 31, வெள்ளி

தூக்க மாத்திரை கேட்கப் போன என்னை டாக்டர் டைரி எழுதச் சொல்லி அனுப்பிவிட்டார். படுக்கும் முன் போனைப் பார்க்கக் கூடாதாம், பேனாவைப் பிடிக்க வேண்டுமாம். போன் தலைமாட்டில் இல்லாவிட்டால் வேலை போய்விடும் டாக்டர் என்றேன். "அப்படி என்னம்மா வேலை?" என்றார். டெவ்ஆப்ஸ் டீமுக்கு லீட் என்றேன். அவர் ரத்த அழுத்தக் கருவியை எடுத்து மறுபடி என் கையில் சுற்றினார்.

எங்கள் அப்பார்ட்மெண்ட் செயலாளருக்கும் இது புரிந்ததில்லை. கம்ப்யூட்டர் வேலை என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து லிஃப்ட் நின்றால் எனக்குத்தான் போன் செய்கிறார். யோசித்துப் பார்த்தால் அவர் அப்படியொன்றும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. கம்பெனியில் நூற்றுக்கணக்கானவர்கள் புரோகிராம் எழுதுகிறார்கள். எழுதியதை ஓட வைப்பதும், அது நின்றால் ஓடிப்போய் எழுப்புவதும் நாங்கள். எங்களுடையது பெரிய மருத்துவ இன்ஷூரன்ஸ் கம்பெனி. ஆஸ்பத்திரியில் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால், பில்லை நாங்கள் ஏற்கிறோம் என்று இங்கிருந்து ஒரு பதில் போக வேண்டும். அந்தப் பதில் போகும் பாதையை நாங்கள் காவல் காக்கிறோம். ஒழுங்காகப் போகிற வரை எங்களை யாருக்கும் தெரியாது.

ஒரு பக்கம் எழுதியாயிற்று. தூக்கம் வரவில்லை. டாக்டர் ஃபீஸ் தண்டம்.

நவம்பர் 3, திங்கள்

இன்று முதல் என் காவல் வாரம். காவலில் இருப்பவர் போனுக்குத்தான் எல்லா எச்சரிக்கையும் வரும், பகலோ ராத்திரியோ. முன்பு நான்கு பேர் முறை வைத்துப் பார்த்தோம். ஹேமலதா பிரசவத்துக்குப் போனாள். அவள் இடத்துக்கு ஆள் கேட்டு மூன்று மாதமாக மெயில் போடுகிறேன். ஆக டேனியல், முபாரக், நான்.

திங்கட்கிழமை காலை காவலை ஒப்படைப்பவர் வாங்கிக்கொள்பவருக்கு ஆபீஸ் கேட்டுக்கு வெளியே டீ வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் குழுவின் சட்டம். முபாரக் வாங்கித் தந்தான். போன வாரம் அவனைப் போன் பாடாய்ப் படுத்தியிருக்கிறது, கண் சிவந்திருந்தது. டேட்டாபேஸ் ஒன்று மூச்சு வாங்குகிறது என்று ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். நான் நின்றபடியே கண்ணை மூடிவிட்டேன் போலிருக்கிறது.

"அக்கா, டீ கொட்டுது."

பாதி டீ என் செருப்பில். அவன் கிளாஸை வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தான். "நீங்க கடைசியா எப்ப ஒழுங்கா தூங்கினீங்க?" என்றான். ஹேமலதாவுக்கு வளைகாப்பு நடந்த அன்று என்றேன். சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

நேற்று முழுவதும் போன் கத்தவில்லை. இன்றும் இல்லை. மூச்சு வாங்குகிற டேட்டாபேஸ் திடீரென்று குணமாகிவிட்டதா என்ன?

மத்தியானம் காவல் அட்டவணையைத் திறந்து பார்த்தேன். மூடினேன். தலைவலியாக இருந்தது, சீக்கிரம் படுக்கிறேன்.

நவம்பர் 5, புதன்

தூங்கினேன்! காலையில் தணிகைவேல் காபியோடு வந்து எழுப்பினார். கல்யாணமான புதிதில் இப்படி நடந்திருக்கிறது. "என்ன, உன் போன் செத்துப்போச்சா?" என்றார். எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றேன்.

ஆபீஸ் கூட்டத்தில் முபாரக் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தான். டேனியல் விடவில்லை. "புது மாப்பிள்ளை ராத்திரி பூரா ஆம்பூருக்குப் போன் பேசறார், காலைல ஆபீஸ்ல வந்து தூங்கறார்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

முபாரக் போனில் ஒரு வீட்டின் படம் காட்டினான். கேளம்பாக்கத்தில் ஒரு சின்ன வீடு. சமையலறையில் ஜன்னல் இருக்கிறது, அதுதான் அவன் மனைவி ஷமீனா கேட்ட ஒரே விஷயமாம். கல்யாணமாகி ஏழெட்டு மாதமாகியும் அவள் ஆம்பூரில் மாமியார் வீட்டில், இவன் நாவலூரில் மூன்று பேரோடு ஒரு ரூமில். கான்ட்ராக்ட் ஆள் என்பதால் எப்போது அனுப்புவார்களோ என்று வீடு எடுக்கப் பயந்துகொண்டிருந்தான். ஜனவரியில் நிரந்தரம் ஆக்குவதாகப் பேச்சு. பரிந்துரை நான்தான் செய்தேன், ராமும் சரி என்றுவிட்டார். ராம் என்றால் ராமபத்ரன், எங்கள் டைரக்டர். எங்கள் துறையில் யாருக்கும் சார் போடுவதில்லை, பயப்படுவது மட்டும் அப்படியேதான்.

"ஓனர் அட்வான்ஸ் கேக்கறாரு அக்கா. குடுக்கலாமா?"

"தாராளமா குடு."

அவன் கண்ணுக்குக் கீழே கருவளையம். லீவு போட்டு ஒரு நாள் தூங்கு என்று சொல்ல வாயெடுத்தேன். ஏதோ கால் வந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

கோவளத்துக்குப் போனோம், மூன்று பேரும். மகள் நிலானி பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகு இப்படி வெளியே போனதே இல்லை. நண்டு வறுவல், மீன் குழம்பு. தணிகைவேல் என் போனை எடுத்து உயிர் இருக்கிறதா என்று பார்த்தார். "இது உன் காவல் வாரம்தானே?" என்றார். "எல்லாம் நல்லா ஓடுது" என்றேன். இந்த வாரம் இதை அவரிடம் இரண்டாவது முறை சொல்கிறேன். தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நின்றபோது நான் சந்தோஷமாக இருந்தேன், அதை எழுதிவைக்கிறேன்.

திரும்பும் வழியில் ராமிடமிருந்து போன். ஞாயிற்றுக்கிழமையில் அவர் யாரையும் கூப்பிடுகிறவர் இல்லை.

"பொற்கொடி, ஆஸ்பத்திரிங்களுக்கு மத்தியானத்துலேருந்து ஒரு பதிலும் போகலை. நீங்கதானே ட்யூட்டி? என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

காரிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். டேட்டாபேஸ் மூச்சை நிறுத்தி நாலு மணி நேரம் ஆகியிருந்தது. எழுப்பினேன். அதற்கு எனக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

நவம்பர் 10, திங்கள்

நடந்ததை இன்று முபாரக் சொன்னான். டீக்கடை பக்கம் போகவில்லை, மீட்டிங் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னான்.

போன திங்கட்கிழமை டீயைக் கொட்டினேனே, அன்றைக்கே காவல் அட்டவணையில் என் எண்ணை எடுத்துவிட்டுத் தன் எண்ணைப் போட்டிருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை. தொடர்ந்து இரண்டாவது வாரமாக ராத்திரியெல்லாம் அவன்தான் எழுந்து பார்த்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்திருக்கிறான். எச்சரிக்கை வந்திருக்கிறது. தூக்கத்திலேயே பாத்துக்கலாம் பட்டனை அழுத்திவிட்டான்.

அந்தப் பட்டனின் நிஜப் பெயர் ஆங்கிலத்தில் வேறு. எச்சரிக்கை வந்ததும் அதை அழுத்தினால், நான் பார்த்துவிட்டேன், இனி என் பொறுப்பு என்று அர்த்தம். உடனே போன் வாயை மூடிக்கொள்ளும். அழுத்தாமல் விட்டால்தான் கொஞ்ச நேரத்தில் அடுத்த ஆளுக்குப் போகும். அதாவது தூங்கிக்கொண்டே இருந்திருந்தால்கூட டேனியலுக்குப் போயிருக்கும், பிழைத்திருப்போம். தூக்கத்தில் அழுத்தினால் யாருக்கும் போகாது. எங்கள் தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் ஒரு தடவையாவது இப்படித் தூக்கத்தில் அழுத்தியிருப்போம். எனக்கு எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. பாத்துக்கலாம் என்று பெயர் வைத்தவன் டேனியல். நம் ஊரில் பாத்துக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த வேலை நடக்காது என்பதுதானே பொருள்.

"அழுத்தினது சுத்தமா ஞாபகமே இல்லக்கா" என்றான் முபாரக். அழுதான். நான் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

நவம்பர் 12, புதன்

இன்று பழி போடாத கூட்டம். ஏதாவது நின்றுபோனால் எங்கள் கம்பெனியில் இப்படி ஒன்று நடத்துவார்கள். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று மட்டும் பேச வேண்டும், ஆள் பெயர் வரக் கூடாது. முபாரக்கை 'பணியிலிருந்த பொறியாளர்' என்றார்கள், என்னை 'அட்டவணைப்படி பணியிலிருக்க வேண்டிய பொறியாளர்' என்றார்கள். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லாமல் ஜாடை காட்டின மாதிரி இருக்கு என்று டேனியல் என் காதில் முணுமுணுத்தான்.

பிறகு ஆஸ்பத்திரிகளோடு பேசும் பிரிவிலிருந்து வந்த அம்மாள், சேலத்திலிருந்து வந்த ஒரு அழைப்பின் பதிவைப் போட்டுக் காட்டினார். டிஸ்சார்ஜ் கவுண்டரில் வேலை செய்கிற பெண் பேசுகிறாள். "மேடம், குழந்த பெத்தவங்க துணி மாத்தி, ஆட்டோ சொல்லி, குழந்தைக்குத் தொப்பியெல்லாம் போட்டு பன்னெண்டு மணியிலேர்ந்து பெஞ்சுல உக்காந்திருக்காங்க. படுக்கைய வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. தையல் போட்ட உடம்பு மேடம், அவங்களால உக்கார முடியல. நான் என்ன சொல்லட்டும்?"

அந்த நேரத்தில் நான் நண்டு ஓடு உடைத்துக்கொண்டிருந்தேன். முபாரக் தலையைத் தூக்கவே இல்லை.

நவம்பர் 13, வியாழன்

ராம் தனியாகக் கூப்பிட்டார். பிஸ்கட் கொடுத்தார். அவர் பிஸ்கட் கொடுத்தால் நல்ல செய்தி இல்லை.

"ரிப்போர்ட்ல பேர் வேண்டாம், அது கரெக்ட். ஆனா அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணியோட ஹெச்.ஆர். கான்ட்ராக்ட் ஆளுங்க விஷயத்தை முடிக்கறாங்க. சிஸ்டத்துல பாத்தா, முபாரக் உங்க வாரத்தைத் தானா எடுத்திருக்கார், யார் ஒப்புதலும் இல்ல. அப்பறம் நாலு மணி நேரம் கோட்டை விட்டிருக்கார். இப்படி ஒருத்தரை நிரந்தரம் பண்ண முடியாது."

"அவன் எனக்கு உதவி பண்ணத்தான்..."

"அது எனக்கும் தெரியுது. உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்து, சரின்னு விட்டிருந்தீங்கன்னா கதை வேற. அப்ப அது லீட் ஒப்புதலோட நடந்த மாத்தம். ரெண்டு வாரம் ஒரே ஆளைத் தூங்காம வச்சது லீட் தப்பு. அவர் தப்பிச்சுடுவார், ஆனா உங்க மேல வரும். தெரியுமான்னு நான் கேக்கலை, நீங்களும் இப்ப சொல்ல வேண்டாம். சொல்றதா இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு மெயில் போடுங்க. மெயில் வரலைன்னா சிஸ்டத்துல இருக்கறதுதான்."

லீட் வேலை போகும். நாற்பத்து மூன்று வயதில் இறக்கிவிட்டால் அப்புறம் யாரும் ஏற்றிவிடுவதில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு வேலை சொல்வார்கள். கொஞ்ச நாளில் நானே போய்விட வேண்டும் என்றும் எதிர்பார்ப்பார்கள், பார்த்திருக்கிறேன்.

பிஸ்கட் நமத்துப்போயிருந்தது.

நவம்பர் 14, வெள்ளி

மாடிப்படியில் முபாரக் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, கேட்டா வேணாம்னு சொல்லுவீங்கன்னுதான் நான் கேக்காம எடுத்தேன். உங்களுக்கு எதுவும் தெரியாதுன்னு நானே எழுதிக் குடுத்துடறேன். உங்க பேரு இதுல வரக் கூடாது."

"நீ ஒண்ணும் எழுதாதே. நான் பாத்துக்கிறேன்."

"நிஜமாவாக்கா?"

"நான்தான் சொல்றேன்ல. போய்த் தூங்கு."

அவன் முகம் தெளிந்துவிட்டது. வீட்டு ஓனருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டானாம். படியிறங்கிப் போகும்போது ஷமீனாவுக்குப் போன் போடுவது கேட்டது.

நவம்பர் 16, ஞாயிறு

மெயில் எழுத உட்கார்ந்தேன்.

"அது என்னுடைய காவல் வாரம்." முதல் வரி சுலபமாக வந்தது.

"முபாரக் தன் எண்ணைப் போட்டிருப்பதை நவம்பர் 4 செவ்வாய்க்கிழமை மத்தியானம் அட்டவணையில் பார்த்தேன்."

ஆமாம், பார்த்தேன். என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவன் பெயர். அன்றைக்கு இந்த டைரியில்கூட அதை எழுதவில்லை. அவனைக் கூப்பிட்டுத் திட்டிவிட்டு மாற்றியிருக்க வேண்டும், ஒரு நிமிட வேலை. இன்று ஒரு ராத்திரி மட்டும் தூங்கிக்கொள்கிறேன், நாளைக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே நினைத்தேன். அவன் கொட்டாவி விட்டபோது சிரித்தேனே, அதை இப்போது படிக்க முடியவில்லை.

இரண்டாவது வரியை அழித்தேன். அது இல்லாமல் மெயிலுக்கு அர்த்தமே இல்லை. மறுபடி எழுதினேன். மாவு அரைக்க வேண்டும் என்று தணிகைவேல் குரல் கொடுத்தார். அனுப்பாமல் மூடினேன். வெள்ளிக்கிழமை வரை இருக்கிறதே.

நவம்பர் 18, செவ்வாய்

நிலானி அறிவியல் மாதிரித் தேர்வு பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சட்டென்று நிறுத்தி, "நான் கடைசியா என்ன சொன்னேன், சொல்லும்மா பாக்கலாம்" என்றாள். தெரியவில்லை. "எப்பவும் இப்படித்தான், ம் கொட்டி என்னை ஆஃப் பண்ணிடுவே" என்று எழுந்து போய்விட்டாள். பின்னால் போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். முட்டி வலித்தது.

நவம்பர் 19, புதன்

மெயில் அப்படியே இருக்கிறது. ஒரு கமா மாற்றினேன்.

நவம்பர் 20, வியாழன்

தணிகைவேலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ உண்மையைச் சொல் என்று அவர் சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். சொல்லாதே என்றிருந்தாலும் வந்திருக்கும். "நீ என்ன பண்ணாலும் எனக்குச் சரிதான்" என்றார். அதற்கும் கோபம் வந்தது.

முபாரக் இன்று ஆபீஸில் விசில் அடித்துக்கொண்டு வேலை பார்த்தான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால் அங்கேயே அனுப்பியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 21, வெள்ளி

கனமழை. எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். எச்சரிக்கை எதுவும் இல்லை. கரண்ட் போகவில்லை, நெட் போகவில்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐந்து மணிக்கு மெயிலைத் திறந்து வைத்தேன். பால்கனியில் துணி காயாமல் நாறிக்கொண்டிருந்தது. அதை எடுத்து வந்து ஃபேனுக்குக் கீழே விரித்தேன். பிறகு காய்ந்த துணிகளை மடித்தேன். தணிகைவேல் சட்டைகள், நிலானி யூனிஃபார்ம், துண்டுகள், என் சுடிதார்கள். போர்வைகளை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, மடித்திருந்ததையே பிரித்து மறுபடி மடித்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் தூங்கவும் இல்லை. நன்றாக முழித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மடித்தேன்.

ஆறரைக்கு லேப்டாப்பை மூடினேன்.

நவம்பர் 24, திங்கள்

ஹெச்.ஆர். முபாரக்கைக் கூப்பிட்டு அனுப்பியது. ஜனவரியில் நிரந்தரம் இல்லை. இந்த மாதக் கடைசியோடு கான்ட்ராக்டும் இல்லை.

டேனியல் என் மேஜைக்கு வந்து, "நீங்க பேசலையா பொற்கொடி?" என்றான். இதெல்லாம் மேலே முடிவு செய்வது என்றேன். சொல்லிவிட்டு மானிட்டரைத் துடைத்தேன்.

ஹேமலதா இடத்துக்கு ஆள் தர அனுமதி வந்திருக்கிறது. இந்த அசம்பாவிதத்துக்குப் பிறகு கம்பெனிக்கு எங்கள் கஷ்டம் புரிந்துவிட்டதாம். இப்போது முபாரக் இடத்துக்கும் சேர்த்து இரண்டு பேரைத் தேட வேண்டும்.

நவம்பர் 26, புதன்

தூக்கமில்லை. டாக்டரிடம் போய் மாத்திரையே வாங்கிவந்துவிட்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

முபாரக்குக்குக் கடைசி நாள். கேக் வெட்டினோம். டேனியல் அரைமணி நேரம் கிண்டல் செய்தான், முபாரக்கும் பதிலுக்குப் பதில் பேசினான். எல்லோரும் போன பிறகு அடையாள அட்டையையும் லேப்டாப்பையும் என்னிடம் கொடுக்க வந்தான். சார்ஜர் வயரை அழகாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தான்.

வீட்டு ஓனர் நல்ல மனிதராம், அட்வான்ஸைத் திருப்பித் தருவதாகச் சொல்லிவிட்டாராம். பெங்களூரில் ஒரு நண்பன் இருக்கிறான், அங்கே முயற்சி செய்யப் போகிறான். அதுவரை ஷமீனா ஆம்பூரிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். வீட்டைப் பார்க்க அவள் ஒரு தடவை வந்திருக்கலாம், ஜன்னலையாவது பார்த்திருப்பாள் என்று சிரித்தான். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் போட்டேன்.

வாசல் வரை போனவன் திரும்பி வந்தான்.

"அக்கா, ராம் எல்லாத்தையும் சொன்னாரு. எனக்காக நீங்க எவ்வளவோ பேசிப் பாத்தீங்களாம், மேலதான் ஒத்துக்கலையாம். ஷமீனாகிட்ட சொன்னேன். உங்களுக்காக தினமும் துவா கேக்கறாளாம்."

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆமா முபாரக்" என்றேன். "எவ்வளவோ பேசிப் பாத்தேன்."